மூத்த இசக்கி

நடப்பதற்காக யாராவது சீமைக்குப் போவார்களா என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. என் அண்ணன் மகள் இசக்கியம்மாள் ஓடுகிறவள் இல்லை, நடக்கிறவள். வேகநடை என்று ஒரு போட்டி இருக்கிறது. முட்டி மடங்கக் கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் தரையை விட்டு எழும்பினால் ஆட்டத்தில் சேர்த்தியில்லை. அப்படி நடந்தால் இடுப்பு ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவாள். காலையில் முடங்கியார் ரோட்டில் அவள் நடக்கும்போது பால்காரர்கள் சைக்கிளை நிறுத்தி, "ஏட்டி, வயித்துக்குச் சரியில்லையா, இம்புட்டு அவசரமாப் போற?" என்று கேட்பார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நானாக இருந்தால் கல்லை எடுத்திருப்பேன்.

இது தொண்ணூற்றெட்டாம் வருஷம் நடந்தது. நான் சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். கட்டினவன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான், அதனால் அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். அண்ணன் இருளப்பசாமி லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருந்த நாளைவிடக் கேரளத்து ரோட்டில் இருந்த நாள்தான் அதிகம். மதினி மாரியாத்தாளுக்கு மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து அவள் வரும்போது தலையெல்லாம் பஞ்சாக இருக்கும். நான் வரும்போதும் அப்படித்தான். பேசிக்கொள்ளக்கூடத் தெம்பு இருக்காது. இராஜபாளையம் மாதிரிப் பஞ்சு ஊரில் பிறந்தால் பஞ்சாய்ப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்த கையோடு கிருபாபாய் டீச்சர் வீட்டுக்கு வந்தார். இசக்கியின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் அவர்தான். மாநிலப் போட்டியில் பெரிய பிள்ளைகளோடு நடந்து இவள் முதலாவதாக வந்திருந்தாள். அதைப் பாராட்டிவிட்டு, டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஆடி மாசம் ஐரோப்பாவுல ஒரு போட்டி நடக்குது. எல்லா நாட்டுப் பிள்ளைங்களும் வருவாங்க. ஓட்டம், நீச்சல், குஸ்தி, எல்லாம் ஒரே இடத்துல. வேகநடையும் உண்டு. நம்ம தேசத்துல இருந்து ஒரு குழு போகுது. இவ நடக்கிற நேரத்துக்குக் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பாங்க. ஆனா பதினாறு வயசு தாண்டியிருக்கக் கூடாதாம். இவளுக்குத்தான் பதினெட்டு ஆயிடுச்சே."

இசக்கி சுவரோரம் உட்கார்ந்து காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதையும் கேட்டு வாங்குகிற பிள்ளை இல்லை அவள். ஆனால் எண்ணெய் தேய்த்த கை நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இவளுக்குப் பதினாறுதான் டீச்சர். பதினெட்டு மூத்தவளுக்கு" என்றேன்.

அடுப்படியில் தோசைக் கரண்டியின் சத்தம் நின்றது.

"மூத்தவளா? அவ எங்க இருக்கா?" என்று டீச்சர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. டீச்சரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விடுகிற சாக்கில் நான்தான் சொன்னேன்.

மதினிக்கு முதலில் பிறந்தவளுக்கும் இசக்கியம்மாள் என்றுதான் பெயர். எட்டு மாசக் குழந்தையில், ஒரு ஐப்பசி மழையில், காய்ச்சல் கண்டு போய்விட்டாள். மதினி அதற்குப் பிறகு ஆளாகவே இல்லை. சோறு இறங்கவில்லை, தலை சீவவில்லை. இரண்டாவது பெண் பிறந்தபோது அவள் காதுக்குப் பின்னால் மூத்தவளுக்கு இருந்த இடத்திலேயே ஒரு மச்சம் இருந்தது. "எம்பிள்ளை வழி தெரியாமப் போயிட்டு இப்பத் திரும்பி வந்துட்டா" என்றாள் மதினி. அதே பெயரைக் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் ஒரு தட்டுச் சோறு முழுசாகத் தின்றாள். அந்த நேரத்தில் எவள் வாயைத் திறப்பாள்?

பிறந்ததை எழுதி வைக்கலாம் என்று அண்ணன் கிளம்பினபோது, "ஒரு பிள்ளைக்கு ரெண்டு தரமா எழுதுவாக?" என்று தடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு மூத்தவளின் பிறப்புச் சீட்டைத்தான் கொடுத்தாள். அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேலே போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். இவளுக்கு எட்டவில்லை. ஆனால் சீட்டில் ஏழு வயசு இருந்ததே, சேர்த்துக்கொண்டார்கள். மதினி யாரையும் ஏமாற்றவில்லை. அவள் கணக்கில் அது ஒரே பிள்ளை.

கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, "உண்மையைத்தானே சொல்லப் போறோம், திருத்திடலாம்" என்றார். உண்மையைச் சொல்வது அவ்வளவு லேசு என்று நினைக்கிறவர் அவர்.

விசாரித்ததில் விஷயம் இதுதான். மூத்தவள் செத்ததைப் பதிய வேண்டும். இளையவள் பிறந்ததைப் பதிய வேண்டும். வருஷக்கணக்கில் ஆகிவிட்டதால் இரண்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் உத்தரவு வாங்க வேண்டும். அதை வைத்துப் பள்ளிக்கூடத்து வயசை மாற்ற வேண்டும். வைகாசி முடிவதற்குள் எல்லாம் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், பெற்றவள் கோர்ட்டில் ஏறி நின்று, என் பிள்ளை செத்துப்போனாள் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

"மாட்டேன்" என்றாள் மதினி.

"மதினி, இது வெறும் எழுத்து வேலை."

"எழுத்து வேலைன்னா நீ போய்ச் சொல்லு. எம்பிள்ளை இங்கன உக்காந்து சோறு திங்கா. இசக்கியம்மா செத்துட்டான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? வாயால சொன்னது பலிச்சிருச்சுன்னா? நாளைக்கு ரோட்டுல நடக்குறவ மேல லாரி கீரி ஏறிருச்சுன்னா, நீ வந்து பதில் சொல்லுவியா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் இசக்கியின் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைப்பதைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். சித்திரை பாதிவரை இதே கதைதான். நானும் டீச்சரும் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போவதும் வருவதுமாக இருந்தோம். கம்பெனியில் லீவு கேட்டால் மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். வெயிலில் அலைந்து என் கால் இரண்டும் வீங்கிவிட்டன. நடக்கப் போவது அவள், கால் வீங்குவது எனக்கு.

அங்கே வைகுண்டராஜ் என்று ஒரு வக்கீல் அமைந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"விளையாட்டுக்கு வயசைக் குறைக்கணும்னு மாசத்துக்கு ரெண்டு பேர் வராங்கம்மா. பதிவு தப்பாப் போச்சும்பாங்க, அப்பா மறந்துட்டாரும்பாங்க. செத்த பிள்ளையைக் கொண்டு வந்தது நீங்கதான். யோசனை புதுசா இருக்கு."

டீச்சர் என் கையைப் பிடித்தார். பிடித்து என்ன செய்ய.

"உம்ம யோசனைய நீரே வச்சுக்கும் வக்கீலய்யா" என்றேன். "அந்தப் பிள்ளைய மழையில தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவ நான். போற வழியில என் தோள்ல வச்சே அது குளுந்து போச்சு. இதுல நான் புதுசா என்னத்த யோசிக்க?"

அவர் சிரிப்பை விட்டுவிட்டார். குடிக்கத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மனுஷர் சொந்த அண்ணன்போல வேலை பார்த்தார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. ஊரில் எல்லாரும் சொல்கிற பொய்யும் எங்கள் வீட்டு உண்மையும் ஒரே சாயலில் இருந்தன. எவன் நம்புவான்?

மதினியை அசைத்தது நானும் இல்லை, டீச்சரும் இல்லை. ஒரு மத்தியானம் அவள் இசக்கிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இசக்கி திரும்பாமலே பேசினாள்.

"எம்மா, பள்ளிக்கூடத்துல இருக்கிற வயசு அவளுது. பேரும் அவளுது. கப்பு வாங்கினாலும் அவ வயசு போட்டுத்தான் எழுதுறாக."

"அவன்னு யாரச் சொல்லுத? அது நீதாம்ட்டி."

"அவதான் திரும்பி வந்திருக்கான்னா, நான் எப்பம்மா வருவேன்?"

சீப்பு பாதி முடியில் நின்றது. மதினி மீதிச் சடையைப் பின்னி, ரிப்பன் வைத்துக் கட்டினாள். மறுநாள் காலையில் மில்லுக்குக் கிளம்புகிற நேரத்தில் கிளம்பாமல், நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி அய்யம்மா, அந்த வக்கீலு எத்தன மணிக்கு வருவாரு?" என்று கேட்டாள்.

கோர்ட்டில் எங்களை உடனே கூப்பிட்டுவிடவில்லை. வேப்ப மரத்தடியில் காத்திருந்து, இன்றைக்கில்லை என்று திரும்பி, மறுபடி போய், மறுபடி காத்திருந்தோம். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு லாரிக்குப் போய்விட்டான். சாட்சிக்கு உக்கிரபாண்டி வந்திருந்தார். அன்றைக்குக் குழி தோண்டினவர் அவர். கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, நினைப்பு மங்கவில்லை.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. கிழவரை முதலில் கேட்டார்கள்.

"எத்தனையோ குழி தோண்டியிருப்பீங்க. இது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?"

"பொம்பளையாளு அங்கன வர மாட்டாக தாயி. பெத்தவ இந்தப் பிள்ளை மட்டும் பின்னாலயே வந்துச்சு. மண்ணத் தள்ளப் போகையில குழிக்குள்ள கைய விட்டுக்கிட்டு எடுக்க மாட்டேன்னுச்சு. அதான் மறக்கல" என்றார் அவர்.

அடுத்து மதினி ஏறினாள். மில் மிஷின் சத்தத்தில் இருபது வருஷம் நின்றவள், அதனால் எப்போதும் உரக்கப் பேசுவாள். அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

"பதினேழு வருஷமாப் பதியாத சாவை இப்ப வந்து பதியச் சொல்றீங்க. பொண்ணுக்கு வயசு குறையணும்னுதானே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமா தாயி. அதுக்குத்தான் வந்தேன். வேற எதுக்காகவும் வந்திருக்க மாட்டேன்."

வைகுண்டராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டார். மதினி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து பேசினாள்.

"கீழ்ப்பல்லு ரெண்டு முளச்சிருந்துச்சு தாயி. அன்னைக்குக் காலையில என் விரலக் கடிச்சா. காய்ச்சல்ல கடிக்கான்னு தெரியாம, சேட்டையப் பாருன்னு சிரிச்சேன். சாயங்காலம் இல்ல. எம்பிள்ளை இசக்கியம்மா செத்துப்போச்சு. இதுவரைக்கும் நான் யார்ட்டயும் சொன்னதில்ல. இப்பத்தான் சொல்லுதேன்."

சொன்ன கையோடு அவள் வாசல் பக்கம் திரும்பினாள். இசக்கி அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் நிற்கிறாளா என்று தலையிலிருந்து கால்வரை பார்த்த பிறகுதான் மதினி கீழே இறங்கினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இசக்கியைச் சன்னல் பக்கம் விடாமல் உள்பக்கமாக உட்கார வைத்துக்கொண்டாள். இராஜபாளையம் வரும்வரை இசக்கியின் தாவணி முனையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

உத்தரவு கிடைத்தது. கிருபாபாய் டீச்சர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனார். அங்கே ஓர் ஆபீஸில் பள்ளிக்கூடத்து வயசை மாற்ற வேண்டும், பிறகு விளையாட்டுக்காரர்களிடம் கொடுக்க வேண்டும். இங்கே இசக்கி விடாமல் நடந்தாள். தெருவில் சிரித்தவர்கள்கூட, "என்னைக்குப் பிளேன் ஏறுத?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மதினி மிளகாய்ப் பொடி இடித்து வைத்தாள். அந்த நாட்டில் உறைப்பாக ஒன்றும் கிடைக்காதாம், மில்லில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்கூட ஆசைப்பட்டுவிட்டேன். ஆசைப்படாதே கழுதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் ஆசைப்பட்டேன்.

ஆனி மாசத்தில் டீச்சர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பேர் எல்லாம் போயாச்சு. வேற ஒரு மாநிலத்துப் பிள்ளையை எடுத்துட்டாங்க" என்றார். "வயசு மாத்தின சீட்டையும் காட்டினேன். வாங்கிப் பார்த்தாங்க. கடைசி நேரத்துல வயசைத் திருத்திக்கிட்டு வர்ற பிள்ளையை எடுத்தா எங்களுக்குத்தான் கெட்ட பேர்னு சொல்லிட்டாங்க. சத்தியம் பண்ணினேன், கேக்கல. இவ நேரம் அந்தப் பிள்ளையைவிட நல்ல நேரம். அதையும் சொன்னேன்."

இசக்கி எழுந்து போய்க் கொடியில் காய்ந்த காலுறையை எடுத்து மடித்து வைத்தாள். மதினி மட்டும் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எம்பிள்ளைய நான் எதுக்கு டீச்சர் சாகக் குடுத்தேன்?" என்று கேட்டாள்.

டீச்சர் அழுதுவிட்டார். அன்றுதான் மதினி அழுதாள். பதினேழு வருஷத்து அழுகையை வைத்திருந்தாள் போல, இரண்டு நாள் மில்லுக்குப் போகவில்லை. சாவு வீட்டுக்கு வருவதுபோலப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எந்தப் பிள்ளைக்காக வந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இசக்கி காலையில் எழுந்து நடப்பதை விட்டுவிட்டாள். பால்காரர்களே கேட்டார்கள், எங்கே அந்தப் பிள்ளை என்று. நான் முறைத்ததில் பிறகு கேட்கவில்லை.

ஆடி பிறந்தது. அந்தப் போட்டி தொடங்குகிற நாள் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் மதினி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, "ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிட்டு வருவோம். துணி எடுக்கணும். இசக்கி, நீயும் வா" என்றாள்.

"யாருக்குத் துணி மதினி?"

"கன்னிக்கு."

கலியாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்களில் வழக்கம். ஓலைப் பெட்டியில் புதுப் பாவாடை வைத்து, வருஷம் ஒருதடவை அதை எடுத்துப் படைப்போம். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இல்லை. செத்தாள் என்று ஒத்துக்கொண்டால்தானே பெட்டி. நான் செருப்பை மாட்டினேன்.

தேரடிப் பக்கம் ஒரு துணிக்கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நிற்கக்கூட இடமில்லை. கடைக்காரர் பால்ச்சாமி எங்களுக்குத் தெரிந்தவர்தான். கன்னிக்கு என்றதும் ஒரு முழத்துக்குத் தைத்து வைத்திருந்த சின்னப் பச்சைப் பாவாடைகளை எடுத்துப் போட்டார். மதினி அவற்றைத் தொடவில்லை.

"இது பத்தாது. பெரிசா எடுங்க."

"மதினி, எட்டு மாசக் குழந்தைதானே" என்றேன் மெதுவாக.

"நீதானட்டி டீச்சர்ட்டச் சொன்ன, பதினெட்டு மூத்தவளுக்குன்னு. இவளுக்குப் பதினாறுன்னா அவளுக்குப் பதினெட்டுதான?"

பால்ச்சாமி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, நல்ல பட்டுக்கரை வைத்த பச்சைத் துணி ஒன்றை விரித்தார். கையில் அளவுகோலை எடுத்துக்கொண்டு, "நீளம் எம்புட்டு வெட்ட? பிள்ளை உசரமா இருப்பாளா?" என்று கேட்டார்.

மதினியின் கை காற்றில் கொஞ்சம் மேலே போயிற்று, கொஞ்சம் கீழே வந்தது.

இசக்கி எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். துணியின் ஒரு முனையைத் தன் இடுப்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து நிமிர்ந்து நின்றாள்.

"என் மேல வச்சு அளங்கண்ணே. ஒரு விரக்கடை மட்டும் கூட விட்டு வெட்டுங்க" என்றாள். "அவ எனக்கு அக்கா."